சார்ஜ் இல்லாத வீடு

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் பேத்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். அவள் தலை இப்போது என் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் மனத்தளவில்தான் அடித்திருக்கிறேன். சத்தியத்துக்கு அது போதும்.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதியவன் நான். மீட்டர் என்ன காட்டியதோ அதைத்தான் எழுதினேன். வீடு பூட்டியிருந்தாலோ, வாசலில் நாய் நின்றாலோ, வெயில் கொஞ்சம் அதிகமாக இருந்தாலோ மட்டும் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்வேன். அதற்காக இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, நாய்கள் உட்பட.

பேத்திக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். வயது மூன்று. ஐந்தாவது மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவள், மகன், மருமகள், நான். மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பான். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் வேறு கம்பெனி என்பதால் தொடமாட்டான். மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்பது பாதி வேலை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிற அப்பா அம்மாவிடம், "போனைக் கையில குடுக்காதீங்க, கண்ணு போயிடும்" என்று சொல்வது மீதி வேலை. அரை நாளில் பதினைந்து பேரிடமாவது சொல்லிவிடுவாள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் மதியம் வீட்டுக்கு வந்து, வாண்டுவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைப்பாள். அப்போதுதான் வாய் திறக்கும்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். திரையில் வெளிச்சம் வந்தால் திறக்கும். வெளிச்சம் போனால் மூடும். மகன் ஒரு நாள் தரையில் உட்கார்ந்து தொழில்காரன் கண்ணோடு பார்த்தான்.

"சென்சார்தான்," என்றான். "எங்க கதவுகூட இவ்வளவு கரெக்டா மூடாது."

"பெத்த பொண்ணைப் பாத்துப் பேசற பேச்சா இது?" என்றாள் மருமகள். "சொம்பைக் கொஞ்சம் நேரா வைங்க. வாய் கோணலா திறக்குது."

உண்மை. போன் சாய்ந்தால் வாயும் சாயும். சத்தத்தைக் குறைத்தால் மெல்லுவதும் மெதுவாகும். விளம்பரம் வந்தால் அது முடிகிறவரை வாயில் இருப்பதை அப்படியே நிறுத்தி வைப்பாள். ஒரு நாள் நெட் கிடைக்காமல் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. வாண்டுவின் வாயும் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. பதினொரு நிமிடம். நான் அதற்குள் கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போதும் அப்படியேதான் இருந்தது.

"இது நல்லதுக்கில்லைங்க," என்றாள் மருமகள்.

"நாம டிவி பாத்து வளரலையா? நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?" என்றான் மகன்.

மருமகள் அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். கண் பரிசோதிக்கிறவள் பார்த்தால் பார்த்ததுதான்.

மறுநாளிலிருந்து போனைக் குறைப்பது என்று முடிவாயிற்று. முடிவெடுக்க இரண்டு பேருக்கும் தைரியம் இருந்தது. "இல்லை" என்று வாண்டுவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் இல்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கட்டம் அழுகை என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த கட்டம், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பது. மகன் பதறிப்போய், "போன்ல சார்ஜ் இல்லடா செல்லம்," என்றான்.

பிதுங்கிய உதடு உள்ளே போய்விட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். அவளும் யோசித்திருக்கிறாள். அப்பா அம்மா எத்தனை பெரிய ஆட்கள். அவர்களே சார்ஜ் இல்லையென்றால் முகம் வெளுத்து, ஒயரைத் தேடி வீடெல்லாம் ஓடுவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். அழுது பயனில்லாத விஷயம் உலகத்தில் ஒன்று உண்டு, அது சார்ஜ் என்று முடிவுக்கு வந்துவிட்டாள்.

இப்படி ஒரு மந்திரம் கையில் கிடைத்தால் யார் விடுவார்கள்? அந்த வாரமே பார்க்கில் சறுக்குமரத்துக்குச் சார்ஜ் இல்லாமல் போயிற்று. பலூன்காரருக்குச் சார்ஜ் இல்லை. ஐஸ்கிரீம் கடைக்காரர் கடையில் நின்று வியாபாரம் செய்துகொண்டேயிருந்தார், ஆனால் அவருக்கும் சார்ஜ் இல்லை. வாண்டு ஒவ்வொன்றையும் துக்கம் விசாரிப்பது போலப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நடப்பாள்.

ஒரு மத்தியானம் நான் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தால் கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே போன் ஒயரின் முனை செருகியிருக்கிறது. வாண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்திருக்கிறாள்.

"அசையாதே தாத்தா. இப்பதான் எழுபது ஆச்சு."

எழுந்து நின்றேன். ஆறு வருடமாக இருந்த முழங்கால் வலியைக் காணோம். ஐந்து மாடியையும் படி வழியாக இறங்கி ஏறினேன். பிறகு இன்னொரு தடவை. அது தேவையில்லைதான், ஆனாலும் கால் கேட்டது. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மீட்டரைப் போய்ப் பார்த்தேன். கால் யூனிட் ஏறியிருந்தது. இது உத்தேசம் அல்ல. அன்றைக்கு வெயிலும் இல்லை, நாயும் இல்லை.

நானே ஒயரைச் செருகிப் பார்த்தேன். கிச்சுகிச்சு மூட்டியது, அவ்வளவுதான். வாண்டு செருகினால்தான் ஏறும்.

அதன் பிறகு அவள் முகத்தைப் பார்த்தே அளவு சொல்ல ஆரம்பித்தாள். வேலை முடிந்து வரும் மகனைப் பார்த்து, "அப்பா பன்னெண்டு," என்பாள். அம்மா மூன்று. அம்மா எப்போதும் மூன்றுதான். ஒரு நாள் லிஃப்டுக்குள் நுழையும்போதே, "இதுக்கு ரெண்டுதான் இருக்கு," என்றாள்.

"எனக்கு லிஃப்ட் சொல்லித் தர்றியா நீ?" என்றான் மகன்.

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் நின்றோம். அது வேறு கம்பெனி லிஃப்ட் என்பதால் அவன் தொடவில்லை.

இந்த நேரத்தில்தான் மருமகளின் கடை முதலாளி, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து முழு நாளும் வந்தால் வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார். வாண்டுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால்தான் மருமகளுக்கு வேலை நிலைக்கும். நடக்கிற தூரத்தில் மழலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான், எங்கள் தெருமுனையில்.

"ஏன், நான் பாத்துக்கமாட்டேனா?" என்றேன்.

"நீங்க அவளைப் பாத்துக்கிட்டா உங்களை யாரு மாமா பாத்துக்கறது?" என்றாள் மருமகள். மகனும் ஆமாம் என்றான். அந்த வீட்டில் ஒருமனதாக எடுக்கப்பட்ட ஒரே முடிவு அது.

பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி: குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் திரை பார்க்கிறது? அதற்குக் கீழே தடித்த எழுத்தில், திரை பார்க்கும் குழந்தைகளுக்கு இங்கே இடமில்லை.

"அம்பதுன்னு போடு," என்றான் மகன்.

"அம்பது ஒரு வேளைக்குங்க."

"சரி, முப்பது."

"ஒண்ணு போட்டாலும் கிடையாதுன்னு கீழயே போட்டிருக்கு, படிக்கலையா? மாமா, நீங்களாவது சொல்லுங்க, என்ன போடலாம்?"

"வீடு பூட்டியிருந்ததுன்னு போட்டுடும்மா," என்றேன்.

அவள் பூஜ்யம் போட்டாள். போட்ட பிறகு அந்தக் காகிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது பூஜ்யமாகவே இருந்தது. அன்றைக்குக் கடையில் யாரிடமும் போனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் பூஜ்யத்தை நிஜமாக்கிவிடலாம் என்றான் மகன். போன் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வாண்டுவின் வாயும் பூட்டிக்கொண்டது. ஒரு வேளை, இரண்டு வேளை. மூன்றாவது வேளையில் மருமகளின் கை பீரோ சாவியை நோக்கிப் போவதைப் பார்த்து, மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து நடுவில் சதுரமாக வெட்டி, என் தலையை அதற்குள் விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். வாண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு யானை இருந்துச்சாம்..."

எழுந்து வந்து என் மூக்கை வலதுபக்கத்திலிருந்து இடதுபக்கமாக ஒரு தள்ளு தள்ளினாள். "வேற."

"ஒரு ஊர்ல ஒரு புலி..."

மறுபடியும் தள்ளினாள். "வேற."

"யானைக்கு என்னடி குறைச்சல்?"

"விளம்பரம் மாதிரி இருக்கு."

எனக்குத் தெரிந்த மிருகங்களெல்லாம் தீர்ந்துபோயின. மூக்கு எரிந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல், பழைய பழக்கத்தில், மீட்டர் எண்ணைப் படிக்கிற ராகத்தில், "நாலு... ஏழு... ரெண்டு... ரெண்டு..." என்று ஆரம்பித்தேன். வாய் திறந்தது. ஒரு எண்ணுக்கு ஒரு வாய். எண் பெரிதாகப் பெரிதாக வாயும் பெரிதாயிற்று. ஒன்பதுக்கு ஒரு பெரிய கரண்டியே உள்ளே போகும். முப்பத்தொரு வருடத்து எண்கள் என் தலைக்குள் சும்மாதானே கிடந்தன. ஒரு தெரு படித்து முடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். முடிந்ததும், "தாத்தா இப்ப நாலுதான்," என்று என்னைப் படுக்க வைத்து ஒயரைச் செருகிவிட்டுப் போவாள்.

பத்தாம் நாள் காலை பதினொன்றரை மணிக்கு நால்வரும் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பெரிய டீச்சர் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கறுப்புச் சிலேட்டை எடுத்து வாண்டுவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

அதுதான் சோதனை என்று தெருவுக்கே தெரியும். போன் பார்க்கிற குழந்தை சிலேட்டைக் கண்டால் விரலால் தள்ளும். பார்க்காத குழந்தை பலப்பம் கேட்கும்.

வாண்டு விரலை நீட்டினாள். மகன் மூச்சை உள்ளே இழுத்தவன் வெளியே விடவில்லை. விரல் சிலேட்டைத் தொட்டது. நின்றது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"இதுல சார்ஜ் இல்ல," என்றாள்.

பெரிய டீச்சர் முன்னால் சாய்ந்தார். "சார்ஜ் இல்லன்னா என்ன பண்ணணும்?"

"அழக் கூடாது. வெச்சிடணும். எங்க வீட்ல எப்பவும் சார்ஜ் இருக்காது."

"எப்பவுமேவா?"

"அம்மா போன்ல இருக்காது. அப்பா போன்ல இருக்காது. தாத்தாவுக்கு மட்டும்தான் இருக்கும்."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்று மருமகளிடம் சொன்னார். "வீட்ல ரெண்டு போனையும் சார்ஜே போடாம வெச்சிருக்கற அப்பா அம்மாவை இப்பத்தான் பாக்கறேன்." பேனாவைத் திறந்து, அனுமதி என்று போட்டிருந்த கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார்.

அந்தக் கணத்தில் மருமகளின் பைக்குள், அன்று காலைதான் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. பையின் வாய் சரியாக மூடவில்லை. உள்ளேயிருந்து நீலமாக வெளிச்சம் வந்தது.

வாண்டுவின் வாய் திறந்தது.

முழுதாக, சத்தமில்லாமல், உள்நாக்கு தெரிகிற அளவுக்குத் திறந்து, அப்படியே நின்றது. பேனாவும் நின்றது. மருமகள் பைக்குள் கையைவிட்டு அமுக்கினாள். வெளிச்சம் போயிற்று, வாய் மூடிற்று. மறுபடி அதிர்ந்தது, மறுபடி திறந்தது. கூப்பிட்டது கடை முதலாளிதான், முதல் தேதி வருகிறாயா இல்லையா என்று கேட்பதற்கு.

மூன்றாவது தடவை வெளிச்சம் போன பிறகு வாண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா. சார்ஜ் இருக்கு."

மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். மருமகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமா," என்றாள். "இருக்கு. எப்பவுமே இருந்துச்சு."

"சறுக்குமரத்துக்கு?"

"அதுக்கும் இருந்துச்சு."

"ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு?"

"அவருக்கு நிறையவே இருந்துச்சு."

வாண்டு எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்தது. "உனக்கு?"

"எனக்கு மட்டும் நிஜமாவே இல்லடி," என்றாள் மருமகள். டீச்சரைப் பார்த்து, "அது பூஜ்யம் இல்ல மேடம். மூணு வேளைக்கும் சேத்து நூத்தம்பது. சில நாள் இருநூறு. நான் தினமும் ஊர்க்காரங்களுக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு வந்து வீட்ல இதைத்தான் பண்றேன். அடிச்சுட்டுச் சரியா எழுதிக் குடுத்துடறேன். சீட்டு இல்லன்னா பரவாயில்ல," என்று கையை நீட்டினாள்.

டீச்சர் காகிதத்தைத் தரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. எழுந்து விசிலை ஒரு ஊது ஊதினார்.

அடுத்த அறையில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது. ஆயாக்கள் மூன்று பேர் கரண்டியோடு நின்றார்கள். முப்பத்தெட்டு வாயும் மூடியிருந்தது. அலமாரியில் இருந்த முப்பத்தெட்டு விண்ணப்பத்திலும் ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம். திறந்து காட்டியது டீச்சரேதான். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தன் சொந்தப் போனை எடுத்தார். வரிசை முழுக்க ஒரு சலசலப்பு. பொத்தானை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"சார்ஜ் இல்ல," என்றார் பெரிய டீச்சர். இந்தக் கதையில் போனைப் பற்றி அந்த வார்த்தையை உண்மையாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வாண்டு என் விரலைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா. உனக்குத் தொண்ணூறு இருக்கு."

ஆபீஸ் அறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்ன சன்னல் இருந்தது; கம்பி கிடையாது. தலையை விட்டேன். அளவு சரியாக இருந்தது. எங்கள் பழைய சந்தைத் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். "மூணு... ஒண்ணு... எட்டு..." முப்பத்தெட்டு வாயும் ஒன்றாகத் திறந்தன. அந்தக் காற்றில் சன்னல் திரை உட்பக்கமாக ஆடியது. வாண்டு முப்பத்தொன்பதாவதாகக் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தெரு முடிவதற்குள் தட்டெல்லாம் காலி. டீச்சர் அனுமதிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தினமும் பன்னிரண்டு மணிக்கு நான் வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. மருமகள் மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தப் பூஜ்யத்தைத் திருத்தப்போனாள்.

"இருக்கட்டும்மா," என்றார் டீச்சர். "கோப்புல எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் பாக்க நல்லா இருக்கும்."

மருமகள் கேட்கவில்லை. அடித்துவிட்டு நூற்றைம்பது என்று எழுதிவிட்டுத்தான் வந்தாள். முதல் தேதியிலிருந்து முழு நாளும் கடைக்குப் போகிறாள். குழந்தையோடு வருகிறவர்களிடம் இப்போதும் அதையேதான் சொல்கிறாள். "நானும் குடுத்துட்டுதான் சொல்றேன்" என்று ஒரு வரி கூடச் சேர்ந்திருக்கிறது. தொண்டை கட்டுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் வாண்டு அவளைப் படுக்க வைத்து, ஒயருக்குப் பதிலாகத் தன் விரலையே அம்மாவின் விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு உட்காருகிறாள். மூன்றிலிருந்து நாற்பதுவரை ஏறுகிறது. அதற்கு மீட்டர் ஓடுவதில்லை, போய்ப் பார்த்துவிட்டேன்.

என் பாடுதான் சிரமம். முப்பத்தொன்பது விரல்கள் தினமும் தள்ளியதில் மூக்கு அரை அங்குலம் இடதுபக்கம் நகர்ந்துவிட்டது. நம்பாதவர்கள் நேரில் வந்து அளந்து பார்க்கலாம். வாண்டுவின் மூக்கு என் ஜாடையா மகன் ஜாடையா என்பதைப் பற்றி மட்டும் இப்போதைக்கு ஒன்றும் கேட்கவேண்டாம்.

மருமகளுக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிரசவம்.